வெள்ளை ஈயும் வெள்ளை வேட்டியும்

ராசாங்கம் மச்சான் அன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளையே தோற்றுப்போகும்படி கிளம்பியிருந்தார். சின்னமனூரில் தங்கை மகனுக்குக் கல்யாணம்; இவர்தான் தாய்மாமன். கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி நடக்க நடக்கச் சரசரத்தது. தோளில் அதே வெள்ளையில் துண்டு, நெற்றியில் சந்தனம்.

அவர் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வர எங்கள் தென்னந்தோப்புதான் குறுக்குவழி. நாங்கள் அந்த நிலத்தை வாங்கிய நாளிலிருந்து அவர் அந்த வழியாகத்தான் போகிறார், வருகிறார். ரோட்டில் கார் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் மோட்டார் ரூம் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

தோப்புக்குள் வெள்ளையாக நுழைந்த மனிதர் வெளியே வரும்போது வேறு ஆளாக இருந்தார். தோளில் கரி. இடுப்பில் கரி. வேட்டியின் பின்பக்கம் அடுப்பில் பாத்திரம் இறக்குகிற கரித்துணி மாதிரி ஆகியிருந்தது. வரப்போரத்து வாழை இலைகளில் உரசிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து வளர்த்த வாய். "என்ன மச்சான், கரி மூட்டை தூக்கிட்டு வாரீகளா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. துண்டால் துடைத்துப் பார்த்தார். கரி போகாமல் இழுபட்டது. துண்டும் கையோடு ஒட்டியது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "மாப்ள, இது உன் தோப்பு பண்ணுன வேலை. வேட்டி போனா போகுது. என் திராட்சப் பந்தலப் போயிப் பாரு."

சொல்லிவிட்டு வேறு வேட்டி கட்ட வீட்டுக்குத் திரும்பினார். இந்தமுறை குறுக்குவழியில் போகாமல் சுற்றுவழியில் போனார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மேலே பார்க்காத தொழில்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், கண்டக்டர் என்பவன் கீழே பார்த்தே பிழைத்தவன். கையில் சில்லறை, காலடியில் படிக்கட்டு, படியில் தொங்குகிறவனின் கால். அண்ணாந்து பார்க்கிற வேலை அவனுக்குக் கிடையாது. தென்னையிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். காய் விழுந்தால் பொறுக்குவேன், மட்டை விழுந்தால் இழுத்துப் போடுவேன்.

அன்றைக்கு அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலிக்கப் பார்த்தேன்.

கீழ்மட்டைகளின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை. அதுவும் சும்மா வெள்ளை இல்லை. வாசலில் சின்னப்பிள்ளை கோலம் பழகியதுபோல் சுருள் சுருளாக. மட்டையைத் தட்டினால் தவிட்டைத் தூவியதுபோல் பொடிப்பொடியாக வெள்ளை ஈக்கள் பறந்தன. என் மொட்டைத் தலையில் ஏதோ சொட்டியது. தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது.

அந்த இனிப்புத்தான் வினை. ஈ சாற்றைக் குடித்துவிட்டுத் தேன்போல் ஒரு நீரைக் கீழே விடுகிறது. அது எதன்மேல் விழுந்தாலும் அங்கே கரும்பூஞ்சை படர்கிறது. கீழே இருந்த வாழை, கறிவேப்பிலை, மோட்டார் ரூம் ஓடு, எல்லாவற்றுக்கும் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. இத்தனை நாள் நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எங்கள் ஊர் உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் போகிற பக்கம் இருக்கிறது. இங்கே தென்னை இருந்தால் பக்கத்தில் திராட்சைப் பந்தல் இருக்கும். மச்சானுடையது பன்னீர்த் திராட்சை. எங்கள் வரப்போரத்துத் தென்னை வரிசையும் அவர் பந்தலின் ஓரமும் தோளோடு தோள் உரசி நிற்பவை. போய்ப் பார்த்தால் பந்தலின் அந்த ஓரம் முழுக்க இலை கறுத்து, குலை பிசுபிசுத்துக் கிடந்தது. வியாபாரி வந்து ஒரு குலையைத் தொட்டுவிட்டு, கையைக் கழுவத் தண்ணீர் கேட்டாராம்.

மறுநாள் சாயங்காலம் மச்சான் வந்தார். உட்காரவில்லை. மருந்து அடி, இல்லாவிட்டால் அந்த வரிசையை வெட்டு. இரண்டில் ஒன்று சொல் என்றார். என் மனைவி பிலோமினா காப்பியை ஆற்றிக்கொண்டே, இரண்டும் நடக்காது அண்ணே என்றாள்.

அந்த வரிசை அவள் வைத்தது. நான் பஸ்ஸே கதியென்று கிடந்த காலத்தில், மோட்டார் போட வசதியில்லாமல், வாய்க்காலிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தது. தனியார் பஸ் கண்டக்டருக்குப் பென்ஷன் ஏது? அந்தத் தோப்புதான் எங்கள் பென்ஷன். ஆனால் எனக்கு இருந்த பயம் வேறு. மச்சான் என்று நான் கூப்பிட்டாலும் அவர் எனக்குச் சொந்தம் இல்லை, எங்கள் மதமும் இல்லை. பிலோமியைத் தங்கச்சி என்று அவர் முதல் நாள் கூப்பிட்டார். அன்றிலிருந்து நான் மாப்பிள்ளை ஆனேன், அவ்வளவுதான் உறவு. ஒரு வாயால் வந்த உறவு ஒரு வாயால் போய்விடுமோ என்று கிடந்து தவித்தேன்.

மும்தாஜ் மேடத்தின் லென்ஸ்

உத்தமபாளையத்தில் விவசாய ஆபீஸில் மும்தாஜ் என்று ஒரு மேடம் இருந்தார். ரெண்டு பிள்ளைக்குத் தாய். ஸ்கூட்டர் பெட்டியில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு லென்ஸும் வைத்திருப்பார். பிலோமி போய்ச் சொன்னதும் அடுத்த நாளே வந்துவிட்டார். நான் அரசாங்க ஆபீஸ் என்றால் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுகிறவன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு கீற்றைக் கிழித்து லென்ஸை என் கண்ணில் வைத்தார். வெள்ளை மெழுகுக்கு நடுவே ஓடு ஓடாகக் குஞ்சுகள். அவற்றில் எங்கேயோ ஒன்று கறுப்பாக இருந்தது, அதில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமாக ஒரு ஓட்டை.

"வெள்ளையா இருந்தா எதிரி. கறுப்பா இருந்தா நம்ம ஆளு," என்றார் மும்தாஜ் மேடம்.

நம்ம ஆள் என்பது ஒரு குளவி. குளவி என்றதும் நான் ஒரு அடி பின்னால் போனேன். அவர் சிரித்துவிட்டார். பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதானாம். நம்மைக் கொட்டாது. ஈக் குஞ்சுக்குள் முட்டை போட்டு, அதைத் தின்று வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியே வரும். ஈ எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்தக் குளவியும் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் தோப்பில் அது ரொம்பக் கொஞ்சமாக இருந்தது, அதுதான் சங்கடம்.

மருந்து அடித்தால் ரெண்டும் சேர்ந்து சாகும், ஈ மட்டும் சீக்கிரம் திரும்பி வரும், குளவி வராது என்றார். குளவி பெருகிய தோப்பிலிருந்து இலைத் துண்டு கொண்டுவந்து நம் மரத்தில் குத்தி வைக்கச் சொன்னார். பாலில் உறைமோர் ஊற்றுகிற மாதிரி என்று பிலோமி உடனே பிடித்துக்கொண்டாள். அதேதான் அம்மா என்றார் மேடம். அதுவரைக்கும் மட்டைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடலாம், கறுத்த இலைக்கு மைதாக் கஞ்சி தெளிக்கலாம் என்றும் சொன்னார்.

கஞ்சி என்றதும் பிலோமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கஞ்சியில் அவளை அடிக்க எங்கள் சவேரியார் கோயில் பங்கில் ஆள் கிடையாது. கோயில் பீடத்துக்கு விரிக்கிற வெள்ளைத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தருகிற முறை ஒவ்வொரு வீட்டுக்கும் மாறி மாறி வரும். பிலோமி முறையில் மட்டும் துணி பலகைமாதிரி நிற்கும்.

கல்லறைத் தோட்டத்துத் தைல மரங்கள்

கண்ணுக்கே தெரியாத ஒன்றை நம்பி மச்சானைப் பகைப்பதா என்று நான் அன்று ராத்திரி அவளோடு மல்லுக்கு நின்றேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "கல்லறைத் தோட்டத்துத் தைல மரத்த மறந்துட்டீகளா?"

அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

எங்கள் பக்கம் யூகலிப்டஸைத் தைல மரம் என்போம். ஒரு காலத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்தவர்கள் எல்லாம் அதைத்தான் நட்டார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு கடிக்காது, வெட்ட வெட்டத் துளிர்க்கும். என் அப்பாவும் மலையடிவாரக் காட்டில் நட்டிருந்தார். திடீரென்று ஒரு வருஷம் துளிரெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்தது. இலைக் காம்பில் முடிச்சு, நடு நரம்பில் முடிச்சு. இலை சுருண்டது, மரம் வளராமல் குட்டையாக நின்றது. பஸ்ஸில் ஏறுகிற காட்டுக்காரச் சம்சாரிகள் எல்லாம் அந்த முடிச்சு இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருத்தருக்கொருத்தர் காட்டினார்கள். டிக்கெட் கிழிக்கிற என்னிடமும் காட்டினார்கள். நான் என்னத்தைக் கண்டேன்?

அதுவும் கடல் தாண்டி வந்த பூச்சிதான். ஒவ்வொருத்தராக மரத்தை வேரோடு பிடுங்கி விறகுக்குப் போட்டார்கள். அப்பாவும் போட்டார்.

தப்பித்தவை கல்லறைத் தோட்டத்து மரங்கள் மட்டும். யாரும் இரக்கப்பட்டு விடவில்லை. மரத்தைச் சாய்த்தால் யாராவது ஒருத்தர் வீட்டுக் கல்லறை மேல் விழும். உன் தாத்தா பக்கம் சாய்ப்போம் என்று இவர் சொல்ல, ஏன் உன் பெரியப்பா பக்கம் சாய்க்க வேண்டியதுதானே என்று அவர் சொல்ல, கூட்டம் போட்டுப் போட்டுக் கலைந்தார்கள். சண்டை முடியவே இல்லை. மரங்கள் முடிச்சோடு நின்றன.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஊரே அங்கே போய்ப் புல் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும். ஒரு வருஷம் பிலோமி அவள் அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே, மரத்து உச்சியில் இலை நீளமா வந்திருக்கு பாருங்க என்றாள். நான் பார்க்கவில்லை. மறு வருஷமும் சொன்னாள். அப்போதுதான் பார்த்தேன். கீழ்க்கிளையில் பழைய முடிச்சு கொஞ்சம் இருந்தது. மேலே எல்லாம் சுத்தமான இலை. மெழுகுவத்திப் புகைக்கு நடுவே அந்தத் தைல வாசம் வந்து மூக்கைத் திறந்தது. ஒருத்தரும் ஒரு மருந்தும் அடிக்காமல் அது பிழைத்துக்கொண்டது.

இதை மும்தாஜ் மேடத்திடம் கேட்டபோது, முடிச்சுப் பூச்சியும் ஒரு குளவிதான், அதைத் தின்கிற வேறு குளவிகளும் பின்னால் வந்து சேர்ந்துவிட்டன என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மரம் வெளிநாடு. பூச்சி வெளிநாடு. பூச்சியைத் தின்கிற பூச்சியும் வெளிநாடு. பன்னீர்த் திராட்சையைக்கூட ஒரு வெள்ளைக்காரச் சாமியார்தான் கொண்டுவந்தார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எங்கள் கோயில் மணியும் கப்பலில் வந்தது. எல்லாம் வந்து சேர்ந்து, அடித்துக்கொண்டு, பிறகு ஒரு மாதிரி ஒத்துப்போய்த்தான் இங்கே வாழ்கிறது.

பானெட்

கம்பத்தைத் தாண்டிக் கூடலூரில் எங்கள் பஸ்ஸின் பழைய டிரைவர் செல்லையாவுக்குத் தோப்பு உண்டு. அங்கே ஈ முன்னாலேயே வந்து, குளவியும் பெருகி, இப்போது மரம் தேறிவிட்டதாகப் போனில் சொன்னார். இலை வேண்டும் என்றேன். அதுக்கென்ன, நாளைக்கு நம்ம வண்டியில குடுத்து விடுறேன் என்றார்.

நம்ம வண்டியில் குடுத்து விடுவது என்றால் என்ன என்று இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். மாத்திரை, மல்லிகைப்பூ, பள்ளிக்கூடத்தில் பிள்ளை மறந்து வைத்த டிபன் பாக்ஸ், ஒருமுறை ஒரு பாட்டியின் பல்செட், எல்லாம் பஸ்ஸில்தான் போகும். டிரைவர் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கிற பானெட் இருக்கிறதே, அதுதான் முக்கியமான பார்சலுக்கு இடம். மேலே ரேக்கில் வைத்தால் மாறிப்போகும். பானெட்டில் வைத்தால் டிரைவர் கண்ணிலேயே இருக்கும். நாங்கள் ரொம்ப மதிக்கிற பொருளைத்தான் அங்கே வைப்போம்.

செல்லையா மதித்துத்தான் வைத்தார். உத்தமபாளையம் ஸ்டாண்டில் நானும் மதித்துத்தான் வாங்கினேன். சூடாக இருந்தது, புதுசாக வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்கூட.

காய் வெட்ட வருகிற ஆளை ஏற்றி, இலைத் துண்டுகளை ஈர்க்குச்சியால் கீற்றில் குத்த வைத்தோம். என்ன அண்ணே, மரத்துக்கு வேண்டுதலா என்று அவர் மேலேயிருந்து கேட்டார். நாள் போனது. வெள்ளை குறையவில்லை. மும்தாஜ் மேடம் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்து, இலை அப்பளம் மாதிரி இருக்கே, எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

"பானெட்லயா ஐயா?" என்று கேட்டுவிட்டு அவர் லென்ஸைப் பெட்டிக்குள் வைத்தார்.

கூடலூரிலிருந்து உத்தமபாளையம் வரைக்கும் எஞ்சின் சூட்டில் நம்ம ஆள் அத்தனை பேரும் வெந்து போயிருக்கிறார்கள்.

கொடியில் பீடத் துணி

அதற்குள் மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு காலையில் வரப்பில் டிராக்டர் வந்து நின்றது. பின்னால் மருந்து டேங்க், நீளக் குழாய், முகத்தில் துண்டு கட்டிய ஒரு ஆள். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல், நீ செய்ய மாட்டே, செலவு என்னோடது, நான் அடிச்சுக்கிறேன் என்றார். தடுத்தால் உறவு போகும். விட்டால் மரத்தில் மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சக் குளவியும் போகும்.

பிலோமி வீட்டுக்குள் போனாள். துவைத்த துணிக் கூடையோடு வந்தாள். மரத்துக்கு மரம் கயிற்றை இழுத்துக் கட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் காயப்போட்டாள். பீடத்துக்கு விரிக்கிற பெரிய துணி, சிலுவை தைத்த சின்னத் துணி, சரிகை ஓரம் வைத்தது, எல்லாம் தூய வெள்ளை. அந்த வாரம் எங்கள் முறை.

மேலேயிருந்து சொட்டுகிற பிசின் அந்தத் துணியில்தான் விழும். அவளுக்கும் அது தெரியும். சமையல்கட்டுக் கரி பட்டாலே அழுகிறவள் அவள்.

"அண்ணே, இது கோயில் துணி. மருந்து படாம அடிக்க முடிஞ்சா அடிச்சுக்கங்க," என்றாள்.

டிராக்டர் ஆள் மச்சானைப் பார்த்தான். மச்சான் துணியைப் பார்த்தார். சவேரியார் திருவிழாவுக்கு எங்கள் தேருக்கு முதல் மாலை வருஷா வருஷம் அவர் வீட்டிலிருந்துதான் வரும். அவர் அம்மா காலத்திலிருந்து வருகிறது.

பிறகு அவர் என்னிடம் வந்தார். அடுத்த கோடைக்குக் காய் பிடிக்கும்போது என் பந்தலில் ஒரு சொட்டு விழுந்தாலும் வரிசையை நானே ரம்பம் வைத்து அறுப்பேன், அப்போது தங்கச்சி குறுக்கே வரக்கூடாது என்றார். பிலோமி தலையை ஆட்டினாள். டிராக்டர் வந்த வழியே திரும்பியது.

துணிகளைப் பிறகு அவள் எத்தனை தண்ணீரில் அலசினாள் என்று நான் எண்ணவில்லை. ஒரு துணியில் மட்டும் மூலையில் சின்னதாக ஒரு கறை நின்றுவிட்டது. பங்குச் சாமியாரிடம் அவளே போய் நடந்ததைச் சொன்னாள். அவர் அந்த மூலையைப் பின்பக்கம் மடித்து விரித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

மடியில் வந்த பெட்டி

இனி உங்க பானெட்டும் வேணாம், உங்க சிநேகிதரும் வேணாம் என்று பிலோமி தானே கூடலூருக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். செல்லையா வீட்டில் பச்சை இலையாகப் பார்த்து, கறுப்புப் புள்ளி நிறைந்ததாகப் பார்த்து அவளே வெட்டினாள். பனையோலைப் பெட்டியில் ஈரத்துணி விரித்து, இலையை வைத்து மூடி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் பையன் நான் தொழில் பழக்கிவிட்டவன். மரியாதை கொடுக்கிறேன் என்று, அத்தை, பெட்டியக் குடுங்க, பானெட்ல வச்சிருறேன் என்று கையை நீட்டினான். அவள் பார்த்த பார்வையில் அவன் விசில் அடிக்கவே மறந்துவிட்டான். கம்பத்தில் கூட்டம் ஏறி நெருக்கியபோதுகூட அவள் அந்தப் பெட்டியை இறக்கவில்லை. ஈரம் சேலையில் இறங்கி, பார்க்கிறவர்கள் சிரித்தார்கள்.

வெயில் தாழ்ந்தபிறகு குத்தினோம். அன்றைக்கே அவள் பெரிய அண்டாவில் மைதாக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நேரே மச்சான் பந்தலுக்குள் போனாள். கேட்கவில்லை, சொல்லவில்லை. கறுத்த இலைகளுக்கெல்லாம் கஞ்சி. மறுநாள் உச்சி வெயிலில் கஞ்சி காய்ந்து, கரியையும் பிடித்துக்கொண்டு செதில் செதிலாக உரிந்து விழுந்தது. அடியில் பச்சை தெரிந்தது. மச்சான் பந்தலுக்கடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதும் எங்களோடு பேசவில்லை. ஆனால் அவர் வீட்டிலிருந்து தூக்கு நிறைய மோர் வந்தது.

பிறகு காத்திருந்தோம். பானெட் விஷயம் தெரிந்த ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் என்னைக் குளவி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் தினம் காலையில் அண்ணாந்து பார்த்துப் பார்த்து, வாழ்நாளில் குனிந்ததையெல்லாம் ஈடுகட்டினேன். ஒரு பழைய மூக்குக்கண்ணாடிச் சில்லை லென்ஸ் மாதிரி வைத்துக் கீற்றைப் பார்ப்பேன். முதலில் அங்கொன்று இங்கொன்று கறுப்பு. பிறகு வெள்ளைக்குச் சமமாகக் கறுப்பு. பிறகு ஓட்டை விழுந்த வெறும் கூடுகள். ஏ பிலோமி, நம்ம ஆளு ஜெயிச்சிட்டான் என்று நான் கத்தியதில் அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

மழை வந்தது. மரம் இன்னும் சுத்தமானது. மழைதான் கழுவிவிட்டது, குளவியாவது ஒன்றாவது என்று மச்சான் டீக்கடையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மழையில் ஈ குறையும் என்று மும்தாஜ் மேடமும் சொல்லியிருந்தார். கோடைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மறு கோடை

இந்தக் கோடை வந்துவிட்டது. மேகமலைப் பக்கம்கூட மேகம் இல்லை. வாய்க்கால் காய்ந்து மண் வெடித்துக் கிடக்கிறது. ஈக்குக் கொண்டாட்டமான வெயில். மச்சான் பந்தலில் குலை இறங்கி நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது.

சில நாட்களுக்கு முன் ஒரு காலையில் நான் அதே மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வரப்பில் மச்சான் வந்தார். கையில் ரம்பம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அன்றைக்கு விசேஷம் ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

நேரே தோப்புக்குள் நுழைந்தார். வரப்போரத்து வாழை இலையில் வேண்டுமென்றே தோளை உரசினார். வரிசையின் நடுமரத்துக்கு அடியில் போய், துண்டுகூட விரிக்காமல் தரையில் உட்கார்ந்தார். மரத்தில் முதுகைச் சாய்த்து அண்ணாந்து மேலே பார்த்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொட்டு ஒன்றும் விழவில்லை. ஒரு அணில் மட்டும் எங்களைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடியது. மச்சான் எழுந்து நின்று எனக்கு முதுகைக் காட்டினார். "பாரு மாப்ள, கரி இருக்கா?"

"மண்ணுதான் மச்சான்," என்றேன். கையால் தட்டிவிட்டேன்.

அவர் உடனே போகவில்லை. தேவாரத்தில் மகள் வீட்டுத் தோப்பில் இப்போதுதான் வெள்ளை தெரிய ஆரம்பித்திருக்கிறது என்றார். மருமகன் மருந்து அடிக்க ஆள் சொல்லிவிட்டாராம். தான் போய் வருகிறவரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறாராம்.

"தங்கச்சிகிட்டச் சொல்லி, நம்ம இலையில கொஞ்சம் குடு," என்றார்.

போன வருஷம் உன் தோப்பு என்று சொன்ன அதே வாய். பிலோமி அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். அந்தப் பனையோலைப் பெட்டியை எடுத்து, ஈரத்துணி விரித்து, கறுப்பு நிறைந்த கீற்றாகப் பார்த்து வைத்து மூடினாள். மச்சான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குறுக்குவழியிலேயே ரோட்டுக்கு நடந்தார். தேவாரம் பஸ் வந்து நின்றது.

நான் பின்னாலேயே ஓடினேன். "மச்சான், பானெட்ல மட்டும் வச்சிராதீக."

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஈரம் வேட்டியில் இறங்கிப் பரவிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.